மாண்டலின் தெரிந்துகோடல்

வேண்டிய பொருள் கிடைத்தற்கரிதாய் இருத்தல் ஒருவகைத் துன்பம். அப்பொருள் அளவின்றிக் கிடைத்தல் பிறிதொருவகைத் துன்பம். முன்னதனை யாவரும் அறிவர். பின்னதனைத் துன்பமென்று கூறின் நகைப்பாரும் உளர். ஆயினும், கையிற் பொருளும் நெஞ்சில் ஆசையும் உடையனாய்க் கடையினுட் புகுந்து, நூறு கருவிகளை மாறி மாறி நோக்கி, ஒன்றனையுங் கொள்ளாது வறிதே மீண்டவனை வினவின் அதன் உண்மை இனிது விளங்கும். 2000-ஆம் ஆண்டில் ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்னும் உளநூற் புலவர் இருவர் அமெரிக்க நாட்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். கலிபோர்னியாவிலுள்ள ஒரு கடையில் ஜாம் என்னும் பழப்பாகில் 24 வகையைச் சுவைபார்க்க வைத்தபோது, நின்று பார்த்தோருள் நூற்றுக்கு 3 பேரே வாங்கினர். 6 வகை மட்டும் வைத்தபோது நூற்றுக்கு 30 பேர் வாங்கினர். பின்னர் வந்த ஆராய்ச்சிகள் இவ்விளைவு எங்கும் ஒருபடித்தாக நிகழ்வதன்று என்று காட்டின. 2015-இல் அவற்றைத் தொகுத்து நோக்கிய செர்னெவ் முதலியோர் கண்ட உண்மைகளுள் ஒன்று, தான் வேண்டுவது யாதென்று தெளியாதவனையே பன்மை மிகுதியும் மயக்கும் என்பது. இக்கட்டுரைக்கு அவ்வோர் உண்மையே வித்தாகும்.

மாண்டலின் என்னும் மேனாட்டுக் கருவியைப் பற்றித் தமிழ்ப்பகுதியில் எழுதுவது என்னை எனின், கூறுதும். சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரிக்கரையில் தோணிரேவு என்றோர் ஊர் உண்டு. தோணி என்பது தமிழ் வழக்கிலுள்ள சொல். ரேவு என்பது தெலுங்கிலே துறையைக் குறிப்பது. இருமொழியுங் கைகோத்து நிற்கும் அப்பெயரே, தமிழ்நாட்டிலும் ஆந்திர நாட்டிலுமாகப் பரந்து கிடக்கும் அந்நீர்நிலையின் இயல்பினைக் காட்டுவதாகும். ஒடிசாவிலுள்ள சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் உவர்நீர்க் காயல்களுட் பெரியது அதுவே. அப்பக்கத்து மக்களுக்கு மீனும் இறாலும் நண்டுமே வாழ்வு. அங்கே ஆலயப் பாடற்குழுவிற் சேர்ந்து பாடும் இளைஞர் சிலர், பல்லாண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பொருள்கொண்டு, வாழ்நாள் முழுதும் நின்று பயன்படத்தக்க உயர்ந்த மாண்டலின் ஒன்று வாங்க விழைகின்றனர். விலைப்பட்டியல்களை நோக்குந்தோறும் அவர்க்கு மயக்கமே மிகுகின்றது. எதனைக் கொள்வது என்று அவர் எம்மை வினவினர்.

அவ்வினா விளையாட்டு வினா அன்று. ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்து மீன்வரவு குன்றும் ஆண்டுகளும் அங்கு உண்டு. அத்தகைய இடத்தில் சேர்ந்த பொருள் ஒருமுறையே செலவிடற்குரியது. பிழைபட வாங்கிவிட்டு மறுமுறை வாங்குவோம் என்பது அங்கே செல்லாது. ஆதலின், அவர்க்கு விடைகூறுமுகத்தான் யாம் ஆராய்ந்து கண்டனவற்றை ஈண்டு எழுதப் புகுந்தாம். இசைக்கருவி வாங்க எண்ணும் பிறர்க்கும் இது பயன்படுமென்று நம்புகின்றோம்.

முதற்கண் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். மாண்டலின் இத்தாலி நாட்டிற் பிறந்தது. 18-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரத்து வினாச்சியா குடும்பத்தார் முதலிய கைவல்லோரால் அது செப்பம் எய்தியது. தந்திகள் எட்டு, அவை இரண்டிரண்டாய் இணைந்து நான்கு இணைகளாய் நிற்கும். மேனாட்டுப் பிடிலுக்குரிய சுருதியே இதற்கும் உரியது. இணைதோறும் ஒரு நொடிக்கு முறையே 196, 294, 440, 659 என்னும் அளவில் அதிர்வுகள் எழுமாறு சுருதி கூட்டுவர். குதிரைக்கும் தண்டியின் தலைக்கும் இடையே தந்தியின் நீளம் 33 முதல் 35 சென்டிமீட்டர் அளவே. தந்தி குறுகியதாதலின் ஒலி விரைவில் அடங்கிவிடும். நெடிய சுரம் வேண்டுமிடத்து மீட்டுகோலை மேலுங் கீழுமாக விரைந்து அசைத்து ஒலியைத் தொடர்ந்து நிற்கச் செய்வர். இதனை டிரெமலோ என்பர். விவால்டி இக்கருவிக்கென இசை வகுத்தார். மோட்சார்ட் 1787-இல் அரங்கேறிய டான் ஜியோவான்னி என்னும் இசைநாடகத்தில் இதனை ஒரு காதற்பாட்டுக்குத் துணையாக்கினார். இளமையில் பீத்தோவனும் இதற்குச் சில சிறு பாடல்களை அமைத்தார்.

இன்று கடைகளிற் காணப்படும் உயர்ந்த மாண்டலின்கள் நூற்றுக்கணக்கினவாயினும், அவையெல்லாம் பெரும்பாலும் மூன்று குடிகளுள் அடங்கும். முதலாவது நேப்பிள்ஸ் குடி. மெல்லிய மரப்பட்டைகளை விலாவெலும்பு போல வரிசையாக ஒட்டிய இதன் பின்புறம் பாதிச் சுரைக்குடுக்கை போற் குவிந்திருக்கும். ரஃபாயேல் கலாச்சே (1863–1934) என்னும் இசைப்புலவரும் அவர் குடும்பத்தாரும் இவ்வகையிற் பெயர்பெற்றோர். இரண்டாவது அமெரிக்கக் குடி. ஆர்வில் கிப்சன் (1856–1918) என்பார், பிடிலைப் போலவே மேற்பலகையையும் பின்பலகையையும் தடித்த மரத்தினின்று செதுக்கி வளைவாக்கும் முறையைக் கண்டு, 1898-இல் அதற்கு அரசுரிமை பெற்றார். 1902-இல் கலமசூ நகரில் அவர் பெயரால் ஒரு தொழிற்சாலை எழுந்தது. அங்கே லாயிட் லோர் என்பார் பணியாற்றிய 1919 முதல் 1924 வரையுள்ள காலத்தில், 1922-இல் எஃப்-5 என்னும் வடிவம் வெளிவந்தது. புளூகிராஸ் என்னும் நாட்டுப்புற இசையின் தந்தையெனப்படும் பில் மன்ரோ நெடுங்காலம் வாசித்தது 1923-ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட அத்தகைய ஒரு கருவியே. டெக்சாஸ் நாட்டுக் காலிங்ஸ், ஆஸ்திரேலிய நாட்டுக் கில்கிரிஸ்ட் முதலிய இக்காலத்தார் செய்வனவும் இவ்வடிவின் வழிவந்தனவே. மூன்றாவது மின்குடி. இதன் உடல் பெரும்பாலும் உட்குழிவற்ற கட்டைமரம். தந்தியின் அதிர்வைக் காந்தச்சுருள் மின்னாக மாற்ற, ஒலிபெருக்கி அதனை வெளிப்படுத்தும்.

நிற்க. பல கருவிகளுள் ஒன்றைத் தெரியும் வகை யாது? இதற்கு நம் இலக்கியத்திலேயே ஓர் அரிய எடுத்துக்காட்டு உளது. திருத்தக்கதேவர் இயற்றிய சீவகசிந்தாமணியில், காந்தருவதத்தையார் இலம்பகத்தில், யாழ்ப்போருக்கு வந்த சீவகன் முன் யாழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொணரப்படுகின்றன. அவன் அவற்றின் பொன்னையும் மணியையும் வியந்திலன். இது நீரில் நின்று இளகிய மரம், இது வாளாற் புண்பட்ட மரம், இஃது இடியுண்ட மரம் என்று ஒவ்வொன்றன் குற்றத்தையும் எடுத்துக்காட்டி விலக்குகின்றான். முடிவிலே குற்றமற்ற ஒன்றைக் கைக்கொண்டு வாசிக்கின்றான். இதனை ஊன்றி நோக்குவார்க்கு ஓருண்மை புலனாகும். "இவற்றுள் மிகச்சிறந்தது யாது?" என்று அவன் ஆராய்ந்தானல்லன், "இவற்றுள் ஆகாதது யாது?" என்றே ஆராய்ந்தான். முன்னைய வினாவுக்கு முடிவில்லை. ஒன்றினும் ஒன்று சிறந்ததாகத் தோன்றிக்கொண்டே போகும். பின்னைய வினாவுக்கோ முடிவுண்டு. விலக்கத் தக்கனவற்றை விலக்கியபின் எஞ்சுவன சிலவே. பன்மையிற் சிக்குண்டார்க்கு விலக்குமுறையே வழி.

அங்ஙனமாயின் முதற்கண் விலக்கற்பாலன யாவை? வாசிக்கப்போகும் இசைக்குப் பொருந்தாதன எல்லாம் என்க. ஏரிக்கரையில் வலை வாங்கச் செல்பவன் "சிறந்த வலை யாது?" என்று கடைக்காரனை வினவுவானல்லன். இறாலுக்கோ, மடவைக்கோ, நண்டுக்கோ என்று முன்னரே தெளிந்து செல்வான். மீன் தெரிந்தபின்னரே வலைக்கண்ணின் அளவு தெரியும். விலையுயர்ந்ததாயினும் மடவைக்குரிய வலையில் சிற்றிறால் நில்லாது ஓடிவிடும். மாண்டலினும் அத்தகையதே, இசை தெரிந்தபின்னரே கருவி தெரியும்.

தோணிரேவுப் பக்கத்து இளைஞரின் பாடற்குழுவையே எடுத்துக்கொள்வோம். நம் ஆலயங்களில் வழங்கும் பாட்டுக்கள் இருவகைய. மேனாட்டு மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுக்கள் ஒருவகை. இவற்றிற் சுரங்கள் படிப்படியாய், அசைவின்றி நிற்கும். பல குரல்கள் ஒருங்கியைந்து ஒலிக்கும். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) முதலியோர் இராகதாளங்களில் இயற்றிய கீர்த்தனைகள் மற்றொருவகை. இவற்றிற்கு உயிராவது கமகம். அஃதாவது சுரத்தைச் சுரத்தோடு இழைத்து அசைத்தல். முன்னதற்கு இரட்டைத் தந்தி மாண்டலின் இயல்பாகவே பொருந்தும். இணைத்தந்திகளின் மின்னொலியும் டிரெமலோவும் அப்பாட்டுக்களுக்கு அணியாகும். பின்னதற்கு அதே கருவி பெரிதும் இடர்ப்படும். வீணையில் மெட்டுக்கள் மெழுகின்மேல் உயர்ந்து நிற்றலின், நீண்ட தந்தியைப் பக்கத்தே இழுத்துக் கமகம் தோற்றுவிக்கலாம். மாண்டலினிலோ தந்தி குறுகியது, முறுக்கு மிகுந்தது; இரண்டு தந்திகளை ஒருசேர இழுத்தாலும் அவை ஒத்த அளவில் உயர்வதில்லை; சுருதி கலையும்.

இவ்விடரை வென்றவர் வரலாறு நம் நாட்டிலேயே உண்டு. மேற்குக் கோதாவரி மாவட்டத்துப் பாலக்கொல்லுவில் 1969-ஆம் ஆண்டிற் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ் என்பாரே அவர். பழவேற்காட்டில் 1613-இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பிய டச்சுக்காரர் பாலக்கொல்லுவிலும் வாணிகம் நடத்தினராதலின், அவ்விரண்டு ஊருக்கும் பழந்தொடர்பும் உண்டு. அவர்தம் ஆசிரியர் உருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணாக்கர். அவ்வாசிரியர் மாண்டலின் வாசிப்பவரல்லர். வாயாற் பாடிக் காட்டுவார், மாணாக்கர் அதனைக் கருவியிற் கொணர்வார். இம்முறையால் கருவிக்கு எளிதாயது எதுவோ அதனை வாசிக்கும் பழக்கத்திற்கு இடமின்றிப் போயிற்று; பாட்டுக்கு வேண்டியது எதுவோ அதனைக் கருவியினின்று பெற்றே தீரவேண்டியதாயிற்று. அதன் பயனாக அவர் இரட்டைத் தந்திகளை நீக்கினார். ஒற்றைத் தந்தி மின்மாண்டலினைக் கொண்டார். தந்திகளை ஐந்தாக்கிக் கொண்டார். ஒற்றைத் தந்தியாதலின் இழுத்தலும் இழைத்தலும் கைகூடின. ஒலிபெருக்கியால் சுரம் நெடிது நின்றது. 1978-இல் குடிவாடாவிற் சிறுவனாக மேடையேறிய அவர், 1981-இல் சென்னை இசைவிழாவில் வாசித்து யாவரையும் வியப்பித்தார். 1998-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் தம் 45-ஆம் அகவையிற் சென்னையிற் காலமானார். உலகம் புகழ்ந்த இத்தாலியக் கருவியோ அமெரிக்கக் கருவியோ அவர்க்கு உதவியிருக்குமா? அவை சிறந்தனவே, ஆயினும் அவர் பாட்டுக்கு உரியனவல்ல. விலையும் பெயரும் நோக்கி அவர் தேர்ந்திருப்பராயின், கருநாடக இசையில் மாண்டலினுக்கு இன்றுள்ள இடம் கிடைத்திராது.

ஆகவே, அவ்விளைஞர் தம்முட் கூடி முதற்கண் துணியவேண்டியது, தாம் பெரும்பான்மையும் வாசிக்கப்போவது ஞானப்பாட்டோ கீர்த்தனையோ என்பதே. கீர்த்தனை எனின் முதலிரு குடிகளும் ஒருசேர விலகும்; ஐந்து தந்தி மின்மாண்டலின் செய்து தருவோர் சிலரே எஞ்சுவர். ஞானப்பாட்டெனின் மூன்றாங்குடி விலகும். இரண்டும் வேண்டும் என்பாராயின், எது மிகுதியோ அதற்கு நல்ல கருவியும், மற்றதற்கு எளிய கருவியும் கொள்க. இரண்டிற்கும் நடுத்தரமாயதொன்றைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குதல் இரண்டிற்கும் குறையே.

இரண்டாவதாக, செவிக்கன்றிக் கண்ணுக்கே உரியனவற்றின் விலையை விலக்குக. அமெரிக்கக் குடியில் எஃப் வடிவம், ஏ வடிவம் என இரண்டுண்டு. எஃப் வடிவின் தோளில் ஓர் அழகிய சுருள் உண்டு. உடலிற் கூர்முனைகளும் உண்டு. ஏ வடிவம் துளிபோல் எளியது. சுருளைச் செதுக்குதற்கும் விளிம்பு கட்டுதற்கும் மிகுந்த நாள் செல்லுமாதலின், எஃப் வடிவின் விலை மிகவும் உயர்ந்து நிற்கும். ஆயினும் ஒரே கைவினைஞர் ஒரே வகை மரத்தாலும் ஒரே வகை ஒலித்துளையாலும் செய்த இரண்டனுக்கும் ஒலியில் உள்ள வேற்றுமை, ஒரே வடிவின் இரு கருவிகளுக்கு இடையே காணப்படும் வேற்றுமையினும் பெரிதன்று என்பது கைவல்லோர் பலர் கொள்கை. சுருள் வேண்டுவார் அழகிற்கென்றே அதனை வாங்குக. ஒலிக்கென்று எண்ணி வாங்கற்க.

ஒலியை மெய்யாகவே மாற்றுவன வேறு. மேற்பலகை முழுமரமாய், ஸ்புரூஸ் என்னும் குளிர்நாட்டு ஊசியிலை மரத்தினின்று செதுக்கப்பட்டதாதல் வேண்டும், ஒட்டுப்பலகையாயின் விலக்குக. பின்பலகையும் பக்கமும் மேப்பிள் மரமாயின் ஒலி தெளிவும் கூர்மையும் உடைத்தாம். மஹோகனி மரமாயின் மென்மை உடைத்தாம். பிடிலுக்குள்ளது போன்ற இரு நீள்துளைகள் ஒலியைக் கூட்டத்தின் கடைசிவரைக்கும் எறியும். முட்டைவடிவ ஒற்றைத் துளை உருண்டு நீண்ட ஒலியைத் தரும். பாடற்குழுவின் நடுவே தனித்துக் கேட்கவேண்டுமாயின் முன்னது. சிற்றறையில் ஒரு குரலுக்குத் துணையாக வாசிப்பதாயின் பின்னது.

விலையைப் பற்றியும் ஒன்று கூறுதும். மலிந்த கருவியினின்று நடுத்தரக் கருவிக்கு ஏறும்போது ஒலியிலும் உழைப்பிலும் பெருவேற்றுமை காணலாம். நடுத்தரத்தினின்று உயர்ந்ததற்கு ஏறும்போது வேற்றுமை நுண்ணிதாகும். அதற்கு மேலே ஏறும்போது பணம் வாங்குவது பெரும்பாலும் அருமையும் பழமையும் பெயருமே. லோர் காலத்து எஃப்-5 கருவிகள் ஒரு லட்சம் டாலருக்கு மேலும் விலைபோயின. அவ்விலை ஒலிக்கு மட்டும் உரிய விலையன்று. வரலாற்றிற்கும் உரிய விலை. வரலாற்றை வாங்குதற்குச் செல்வர் உளர். இறால் விற்ற பணம் அதற்கன்று.

மூன்றாவதாக, எஞ்சிய சிலவற்றைக் கண்ணை மூடிக் கேட்டல் வேண்டும். பிடில் உலகில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி இதன் இன்றியமையாமையை நிறுவும். 2012-இல் பாரிஸ் நகரத்தின் பக்கத்தே, கிளாடியா பிரிட்சு முதலியோர், புகழ்பெற்ற பிடில் வித்துவான்கள் பத்துப் பேரிடம் பழைய பிடில்கள் ஆறும் புதிய பிடில்கள் ஆறும் கொடுத்தனர். பழையவற்றுள் ஸ்திராதிவாரி செய்தனவும் இருந்தன. எது யாதென்று தெரியாதவாறு வித்துவான்களின் கண்களை மறைத்திருந்தனர். தம் பயணத்துக்கு ஒன்றைத் தெரிக என்றபோது பத்துப் பேருள் அறுவர் புதியதையே தெரிந்தனர். பெயர் கண்ணுக்குத் தெரியின் செவியும் அதற்கே சான்று கூறும்போலும். ஆதலின், நண்பரொருவர் பின்னே நின்று ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்க, கேட்போர் முதுகு காட்டி அமர்ந்து, எண்ணால் மட்டும் குறித்துக்கொள்க. மற்றொரு நாளும் அவ்வாறே செய்க. இருநாளும் ஒரே எண் முன்னிற்குமாயின் அது செவியின் தீர்ப்பு. மாறி மாறி வருமாயின், அக்கருவிகளுக்கிடையே நமக்குப் பயன்படும் வேற்றுமை இல்லையென்று கொண்டு விலை குறைந்ததை எடுத்துக்கொள்க.

நான்காவது, சீவகன் செய்ததே, உடற்குற்றம் ஆராய்தல். தண்டி நேராயிருத்தல் வேண்டும். தலையிலிருந்து குதிரை நோக்கி ஒரு கண்ணாற் பார்க்கின் முறுக்கும் வளைவும் தெரியும். ஒவ்வொரு மெட்டிலும் ஒவ்வோர் இணையையும் அழுத்தி மீட்டுக. எங்கேனும் இரைச்சல் எழுமாயின் அம்மெட்டு ஏற்றத்தாழ்வு உடையது. பன்னிரண்டாம் மெட்டின் நேரே தந்தியை மெல்லத் தொட்டு மீட்டுக. பின் அதே மெட்டில் அழுத்தி மீட்டுக. இரண்டும் ஒரே சுரமாக ஒலித்தல் வேண்டும். ஒலியாவிடின் குதிரையைச் சிறிது நகர்த்தித் திருத்தலாம். திருத்தியும் அமையாததை விலக்குக. எட்டுத் தந்திகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு ஏறத்தாழ 70 முதல் 80 கிலோகிராம் எடைக்கு நிகர். ஒரு மனிதன் ஓயாது அதன்மேல் தொங்குவது போன்றதே அது. ஆதலின் குதிரையின் கீழே மேற்பலகை தாழ்ந்துளதா, ஒலித்துளையின் ஓரத்தில் வெடிப்புளதா என்று விளக்கேற்றிப் பார்க்க. பிரடைகள் வழுக்காது சுருதியைத் தாங்குகின்றனவா என்றும் ஒருமணி நேரம் வாசித்து அறிக. எல்லாவற்றிற்கும் மேலாக, தண்டியின் அகலம் வாசிப்போன் கைக்கு ஒத்ததா என்று நோக்குக. வலை இழுத்துத் தடித்த விரலுக்குக் குறுகிய தண்டி பகையாகும். அதற்குச் சிறிது அகன்ற தண்டியே வேண்டும். ஊரார் புகழ்ந்ததாயினும் கைக்குப் பொருந்தாதது ஆகாது.

ஐந்தாவது, இடம் நோக்கல். உயர்ந்த மாண்டலின்கள் பெரும்பாலும் குளிர்ந்த நாட்டில், காற்றின் ஈரம் நூற்றுக்கு நாற்பது ஐம்பது அளவில் நிற்கும் அறைகளிற் செய்யப்படுவன. கடற்கரையிலோ அவ்வீரம் எழுபதையும் கடந்து நிற்கும். செதுக்கிய மரம் ஈரத்தை உண்டு வீங்கும், மேற்பலகை எழும், தந்தி மெட்டினின்று உயர்ந்து விரலை வருத்தும். உப்புக்காற்றில் எஃகுத் தந்தி சின்னாளில் துருவேறும். எனவே, தண்டியினுள்ளே திருகித் திருத்தத்தக்க எஃகுக்கம்பி உடையதையும், திருகால் உயர்த்தித் தாழ்த்தத்தக்க குதிரை உடையதையும் கொள்க. இறுகப் பொருந்தும் பெட்டியும், அதனுள் ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொட்டலமும் இன்றியமையாதன. பூச்சிட்ட தந்திகள் துருவை நெடுநாள் தடுக்கும். வாசித்தபின் உலர்ந்த துணியால் தந்தியைத் துடைத்தல் செலவில்லாத காப்பு. நண்பகல் வெயிலில் ஓடுதளத்து அறையிலும், நிறுத்திய வண்டியுள்ளும் கருவியை விடுதல் பசையை இளக்கிப் பலகையைப் பிரிக்கும்.

பழங்கருவி வாங்க விழைவார் சட்டத்தையும் அறிதல் நன்று. பழைய நேப்பிள்ஸ் மாண்டலின்கள் பலவற்றில் மீட்டுகோல் படும் இடத்தைக் காக்க ஆமையோட்டுத் தகடு பதித்திருப்பர். அவ்வோட்டினைத் தரும் அழுங்காமை சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையாற் காக்கப்படுவது. அத்தகைய கருவி எல்லையிலேயே தடைபடும். பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரமும் 1992 முதல் கடுங்காவலில் உள்ளது. பிற ரோஸ்வுட் வகைகளுக்கு 2017-இல் விதிக்கப்பட்ட கட்டு, செய்துமுடித்த இசைக்கருவிகளைப் பொறுத்தமட்டில் 2019-இல் தளர்த்தப்பட்டது. வாங்குமுன் இன்ன மரம் என்று விற்பவரிடம் எழுத்திற் பெறுக.

வெளிநாட்டினின்று வருவிப்பின், கருவியின் விலையோடு கப்பற்கூலியும் சுங்கவரியும் காப்புறுதியும் சேரும். இவற்றையெல்லாம் கூட்டியபின்னரே கைப்பொருள் போதுமா என்று பார்க்க. முழுப்பொருளையும் கருவிக்கே செலவிடாது, பெட்டிக்கும், தந்திகளுக்கும், கைவல்லோர் ஒருவரிடம் கொடுத்து மெட்டும் குதிரையும் செப்பனிடுதற்கும் ஒரு பகுதியைத் தனியே வைத்துக்கொள்க. செப்பனிட்ட நடுத்தரக் கருவி, செப்பனிடாத உயர்ந்த கருவியினும் இனிது ஒலிக்கும். சின்னாள் வாசித்துப் பார்த்துத் திருப்பியளிக்க உடன்படுவாரிடமே தொலைவிலிருந்து வாங்குக.

இவ்வாறு இசை, அணி, செவி, உடல், இடம் என்னும் ஐந்து சல்லடையிலும் சலித்தபின், நூறாய் நின்றவை இரண்டோ மூன்றோ ஆகும். இனி அவ்விரண்டு மூன்றனுள் எது சிறந்தது என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்தல் வேண்டா. ஹெர்பர்ட் சைமன் என்னும் பேரறிஞர் 1950-களில் எழுதியவற்றில், மனிதன் அறிவுக்கும் காலத்துக்கும் எல்லை உண்டாதலின், எல்லாவற்றினுஞ் சிறந்ததைத் தேடுதலை விடுத்து, வேண்டிய அளவை நிறைவு செய்யும் ஒன்று கிடைத்தவுடன் அமைவதே அறிவுடைமை என்று விளக்கினார். இது சோம்பலன்று, அளவை முன்னரே வகுத்துக்கொள்ளும் உழைப்பு இதன்கண் உண்டு. அளவு வகுத்தவனுக்கு நிற்குமிடம் தெரியும்; வகுக்காதவன் பட்டியலைப் புரட்டிக்கொண்டே இருப்பான், அவன் விரல்களோ பயிற்சியின்றி மழுங்கும்.

பழவேற்காட்டு மீனவரிடையே பாடு என்றொரு பழைய முறை உண்டு. ஏரியில் மீன்வளம் மிக்க இடங்களை ஒருவரே கொள்ளாதவாறு, முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். தன் முறைக்கு உரிய இடத்திற் சென்றவன், மற்றையோர் இடத்தில் மீன் மிகுதியோ என்று எண்ணி வலையை விரிக்காது நிற்பானாயின் நீரோட்டம் கடந்துபோம். அவன் பெறுவது ஒன்றுமில்லை. கிடைத்த இடத்தில் வலையைச் செவ்வனே விரிப்பவனுக்கே அந்நாளின் மீன் உரியது. மாண்டலினும் அவ்வாறே. வாங்கிய நாளின் மறுநாள் தொடங்கி விலைப்பட்டியலைக் கட்டி வைத்துவிட்டு, நாள்தோறும் ஒருமணி நேரமேனும் வாசித்தல் வேண்டும். புதிய மேற்பலகை வாசிக்க வாசிக்க ஒலி விரியும் என்பது இசைவாணர் பலர் நம்பிக்கை. மரம் விரியுமோ விரியாதோ, வாசிப்போன் கையும் செவியும் விரிதல் திண்ணம். எம்மை வினவிய இளைஞர் இம்முறையைக் கைக்கொண்டு தமக்கு உரிய கருவியை விரைவில் தேர்ந்து, அதனொலியை ஏரிக்கரையிலே எழுப்புவாராக.